மாட்டின் வாயில் கை விட்ட திங்கட்கிழமை

காலையில் எழுந்ததும் நான் முதலில் செய்வது ஒரு தம்ளர் தண்ணீரைக் குடித்துப் பார்ப்பது. தாகத்துக்கு அல்ல, தொண்டையில் இறங்குகிறதா என்று பார்ப்பதற்கு. இறங்கிவிட்டால் அன்றைய பொழுதுக்குப் பிழைத்தேன் என்று இருக்கும். ஓய்வு பெற்று இரண்டு வருடமாகிறது. அந்தச் சம்பவம் நடந்து ஆறு வருடத்துக்கு மேலாகிறது. இனிமேல் உங்களுக்கு ஒன்றும் வராது என்று மூன்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மூன்று பேரிடம் கேட்டதே என் புத்தி எப்படிப்பட்டது என்று காட்டும்.

மலையடிவாரத்து மருந்தகங்களில் காலியாகக் கிடக்கிற டாக்டர் இடங்களை நிரப்பப் போகிறார்களாம். வருகிறவர்களுக்குத் தங்க வீடும், மலைப்பக்கம் வேலை பார்ப்பதற்குத் தனிப் படியும் அரசாங்கம் தரப்போகிறதாம். அதற்கு முன்னால் அதிகாரிகளிடம் கொடுப்பதற்காக எங்கள் ஊழியர் சங்கத்தில் ஒரு மலர் போடுகிறார்கள். செயலாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். "அண்ணே, டாக்டர் இல்லாம நாம பட்ட பாட்டை நீங்கதான் எழுதணும். மத்தவுக எழுதுனா பெருமை பேசிக்கிருவாக. நீங்க பயந்ததை அப்படியே எழுதுவீங்க" என்றார். பாராட்டா கிண்டலா என்று தெரியவில்லை. எழுத ஒப்புக்கொண்டேன்.

நான் போடிநாயக்கனூர் பக்கத்தில் ஒரு அரசு கால்நடை மருந்தகத்தில் உதவியாளராக இருந்தவன். டாக்டர் அல்ல. ஊரில் என்னை டாக்டரே என்றுதான் கூப்பிட்டார்கள், நான் தடுக்கவில்லை. அதனால் இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எட்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டவன். பயிற்சி என்று சொல்ல அதிகமில்லை. கூட்டுவது, ஊசிகளை வெந்நீரில் கொதிக்கவைப்பது, மாட்டை இரும்புச் சட்டத்துக்குள் விட்டுக் கட்டுவது, மூக்கணாங்கயிற்றை எந்தப் பக்கம் இழுத்தால் கொம்பு நம் பக்கம் திரும்பாது என்பது. இரண்டு வருடத்தில் இவ்வளவும் கைக்கு வந்துவிட்டது. பயம் மட்டும் போகவில்லை. கோமாரித் தடுப்பூசி போடப் போகும்போது மருந்துப் பெட்டியில் குளிர் போய்விட்டதோ என்று கவலைப்பட்டு, போகும் வழியெல்லாம் பெட்டியைத் திறந்து திறந்து பார்ப்பேன். திறந்ததாலேயே ஒரு தடவை ஐஸ் உருகிவிட்டது.

என் பயத்தால் கெட்டவை இப்படிச் சின்னச் சின்ன விஷயங்கள்தான். பெரிய தப்பு நடந்தது நான் பயப்பட மறந்த ஒரு நாளில்.

எங்கள் மருந்தகத்து டாக்டர் மாற்றலாகிப் போனபின் அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை. பெயர்ப் பலகையில் அவர் பெயரை அழித்த இடம் வெள்ளையாகவே கிடந்தது. கூடுதல் பொறுப்பு என்று டாக்டர் அமுதவல்லி மேடத்தைப் போட்டார்கள். திங்கள், செவ்வாய் ராசிங்காபுரத்துப் பக்கம். புதன், வியாழன் இன்னொரு ஊர். வெள்ளியும் சனியும் எங்களுக்கு. மாடுகளுக்கு இந்த அட்டவணை தெரியாது.

மேடம் ஒல்லியான ஆள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். என்னைக் கருப்பையாண்ணே என்றுதான் கூப்பிடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்த மாட்டுக்குப் போனாலும் உடனே தொடமாட்டார். பத்தடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். மாடு எப்படி நிற்கிறது, காது எங்கே இருக்கிறது, அசை போடுகிறதா, கண் எதைப் பார்க்கிறது என்று கால் மணி நேரம் பார்ப்பார். மாட்டுக்காரர்களுக்கு எரிச்சலாக இருக்கும். "டாக்டரம்மா மாட்டைப் பாக்க வந்தாகளா, மாடு டாக்டரம்மாவைப் பாக்கணுமா" என்று என் காதில் படும்படி பேசுவார்கள். பார்த்து முடித்தபின் கையுறை. வேலை முடிந்ததும் முழங்கை வரை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவுவார். வாய்க்குள் எண்ணிக்கொண்டே கழுவுவார். உதடு அசைவது தெரியும்.

நோட்டில் நடுவே ஒரு கோடு போடச் சொல்வார். இடது பக்கம் பார்த்தது. வலது பக்கம் நினைத்தது. "கழிச்சல், கண் குழிஞ்சிருக்கு, இது பார்த்தது. குடல்புழு, இது நாம நினைச்சது. ரெண்டையும் கலந்து எழுதாதீங்கண்ணே, அப்புறம் எதை நம்புறதுன்னு எனக்கே தெரியாமப் போயிடும்" என்பார். சில மாடுகளுக்கு அவர் வலது பக்கம் "தெரியவில்லை" என்று எழுதுவார். ஒரு டாக்டர் தன் கையால் அப்படி எழுதுவதைப் பார்த்து முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் பொறுப்பேற்ற முதல் வாரத்தில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எச்சில் ஒழுகும் மாட்டின் வாயில் யாரும் கை விடக் கூடாது, மருத்துவர் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று. அதைச் சுவரில் பசை தடவி ஒட்டியது நான்தான். கீழ்முனை பிய்ந்தபோது மறுபடி ஒட்டியதும் நான்தான்.

அந்தத் திங்கட்கிழமை காலை, மருந்தகத்தைத் திறந்து பத்து நிமிடம் இருக்கும். தவசி வந்தான். சிலமலையைத் தாண்டி மலைச்சரிவில் தோட்டம் வைத்திருப்பவன். அவனுடைய மாடு ஏழு மாதச் சினை, பால் வற்றியிருந்தது. முந்தின நாள் மக்காச்சோளம் உரித்த இடத்தில் புகுந்து தின்றுவிட்டதாம். அப்போதிருந்து எச்சில் ஒழுகுகிறது, தீவனம் எடுக்கவில்லை, விழுங்க முக்குகிறது, கத்தினால் குரல் கம்முகிறது. கதிர்க்கட்டை தொண்டையில் மாட்டியிருக்கிறது என்று அவனே முடிவு கட்டிவிட்டான். கேட்டவுடன் நானும் அதையே முடிவு கட்டிக்கொண்டேன்.

மேடத்துக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. ராசிங்காபுரத்தில் கன்று குறுக்கே கிடந்த ஒரு மாட்டுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிற்பாடு தெரிந்தது. காத்திருக்கலாம் என்றேன். தவசி, "நீங்க பாக்காத மாடா, வாங்க டாக்டரே. சினை மாடு, வெரசாப் போகணும்" என்றான்.

அதற்கு முந்தின வருடம் ஒரு எருமையின் தொண்டையிலிருந்து இதே மாதிரி ஒரு கட்டையை நான் எடுத்திருந்தேன். மேடம் பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல எடுத்தது. ஆனால் ஊர் பார்த்தது என் கையைத்தான். அந்த ஞாபகமும் டாக்டரே என்ற அழைப்பும் சேர்ந்துகொண்டன. அன்றைக்குத்தான் நான் பயப்படவில்லை. எந்தப் பூட்டையும் இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிற நான், சுவரில் நானே ஒட்டிய தாளைத் தாண்டித்தான் வெளியே போனேன்.

மாடு அமைதியாகத்தான் நின்றது. வாய் பாதி திறந்திருந்தது. எச்சில் கயிறுபோல் தரைவரை தொங்கியது. தவசி மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டான். நாக்கை வெளியே இழுத்துப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். தவசியின் மனைவி பேச்சியம்மா முன்னால் வந்தாள். மேலே ஏலக்காய் எஸ்டேட்டுகளில் காய் எடுக்கப் போகிறவள், பலமான கை. ஒரு சாக்குத் துண்டைச் சுற்றிப் பிடித்தாள், வழுக்கியது. சாக்கைப் போட்டுவிட்டு வெறுங்கையால் பிடித்தாள். நான் கையுறையை எடுத்து வந்திருந்தேன். அதைப் போட்டால் விரலுக்குச் சரியாகத் தெரியாது என்று மாட்டுத் தொட்டியின் விளிம்பில் வைத்துவிட்டு முழங்கை வரை உள்ளே விட்டேன்.

கட்டை இல்லை. இரண்டு தடவை தேடினேன். கடைவாய்ப்பல் என் மணிக்கட்டில் கோடு போட்ட மாதிரிக் கீறியது.

நான் வாளியில் கை கழுவினேன். பேச்சியம்மா சேலை முந்தியில் கையைத் துடைத்துவிட்டு, "இருங்க டாக்டரே, வரக்காப்பி கொண்டாறேன்" என்று உள்ளே போனாள். குடித்தோம். கட்டை உள்ளே இறங்கியிருக்கும், இனி சரியாகிவிடும் என்று சொல்லிவிட்டு வந்தேன். நோட்டில் இடது பக்கம், தொண்டையில் அடைப்பு என்று எழுதினேன். வலது பக்கம் ஒன்றும் எழுதவில்லை.

சாயங்காலம் மேடம் திரும்பக் கூப்பிட்டார். விவரம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "நீங்க பார்த்தது எச்சில்ணே. அடைப்பு நீங்க நினைச்சது" என்றார். பிறகு ஒரு கேள்வி.

"வாயில கை விட்டீங்களா?"

"இல்லைங்க மேடம்."

அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. உதவியாளன் வைத்தியம் பார்த்தால் மெமோ வரும், வேலைக்கே ஆபத்து வரலாம். அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்த பயம் அது ஒன்றுதான். மாட்டைத் தனியாகக் கட்டச் சொல்லுங்கள், யாரும் கிட்டே போக வேண்டாம், நாளை மதியம் நானே வருகிறேன் என்றார் மேடம். தவசிக்குப் போன் செய்து சொன்னேன். போனை வைத்தபின் மணிக்கட்டைப் பார்த்தேன். நூல் கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு.

செவ்வாய்க்கிழமை மதியம் மேடம் ராசிங்காபுரத்து வேலையை முடித்துவிட்டு ஸ்கூட்டரில் வந்தார். நான் பின்னால் உட்கார்ந்து வழி சொன்னேன். மாடு முந்தின நாள் மாடாக இல்லை. முளைக்குச்சியை முட்டிக்கொண்டே இருந்தது. ஒன்றும் வராமல் முக்கி முக்கி நின்றது. கத்தியபோது மாட்டின் குரலாகவே இல்லை, யாரோ கிணற்றுக்குள்ளிருந்து கத்துவதுபோல் இருந்தது. மேடம் வழக்கம்போல் தள்ளி நின்றார். அன்றைக்கு அரை மணி நேரம் நின்றார். நகரவே இல்லை. பிறகு தவசியிடம் கேட்டார், ஒரு மாதம் இரண்டு மாதத்துக்குள் இந்த மாட்டை நாய் ஏதாவது கடித்ததா என்று.

தவசி யோசித்தான். ஓடைப்பக்கம் மேய்ந்தபோது ஒரு தெருநாய் மாடுகளை விரட்டியதாம். இந்த மாட்டின் மூக்கில் லேசாகக் காயம். மஞ்சள் வைத்தார்கள், ஆறிவிட்டது.

வெறிநாயாக இருக்குமோ என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"மாட்டு வாயில யாராச்சும் கை வச்சீங்களா?" என்று மேடம் கேட்டார். "நான் வைக்கலைம்மா, கயித்தைத்தான் பிடிச்சேன்" என்றான் தவசி. அவன் சொன்னது நிஜம். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். மிச்சத்தை நான் சொல்வேன் என்று நினைத்திருப்பான். நான் மாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பேச்சியம்மா அங்கே இல்லை. விடிந்ததும் ஜீப்பில் எஸ்டேட்டுக்குப் போய்விட்டாள், காய் எடுப்பு முடியும்வரை அங்கேயே தங்குவாள் என்று தவசி ஏற்கெனவே சொல்லியிருந்தான்.

மேடம் என்னையும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் கிளம்பினார். வண்டி சரிவில் இறங்கியது. என் கை அவர் முதுகுக்குப் பின்னால், பையின் மேல் இருந்தது. அந்தக் கையை நான் வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு ஊசி போட்டுக்கொள்ள வழி இருக்கிறது. நாய் கடித்தது என்று பொய் சொல்லிவிட்டுக்கூடப் போட்டுக்கொள்ளலாம். பேச்சியம்மாவுக்கு? அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் வாயைத் திறக்காவிட்டால் அவள் கேட்கப் போவதில்லை, யாரும் சொல்லப் போவதில்லை. வெறிநோய் வந்தால் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காது, வந்தபின் மருந்தும் இல்லை. வருவதற்கு முன்னால்தான் எல்லாம்.

ஓடைப் பாலத்துக்குக் கிட்டே, "மேடம், வண்டியை நிப்பாட்டுங்க" என்றேன். எனக்கு வாந்தி வருகிறது என்று நினைத்து நிறுத்தினார்.

"கை விட்டேன் மேடம். உறை போடலை."

அவர் வண்டியை அணைத்துவிட்டு ஸ்டாண்டு போட்டார். கையைக் காட்டச் சொன்னார். மணிக்கட்டைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"வேற யாரு?"

நான் சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டுக்கொண்டேன்.

"கருப்பையா, வேற யாரு?"

அண்ணே இல்லாமல் அவர் என்னைக் கூப்பிட்டது அந்த ஒரு தடவைதான். பேச்சியம்மா நாக்கைப் பிடித்ததைச் சொன்னேன். சாக்கைப் போட்டுவிட்டு வெறுங்கையால் பிடித்தாள் என்று சொன்னேன். ஏலக்காய் எடுத்து எடுத்து அவள் விரல் நகக்கண் எல்லாம் வெடிப்பு என்றும் சொன்னேன். அதை அப்போது பார்த்திருக்கிறேன். பார்த்தும் எனக்குத் தோன்றவில்லை.

ரோட்டோரம் ஒரு அடிகுழாய் இருந்தது. மேடம் பையிலிருந்து சோப்பை எடுத்துக் கொடுத்தார். அவர் அடித்தார், நான் கழுவினேன். ஒரு டாக்டர் எனக்குத் தண்ணீர் அடிக்கிறார் என்று கூச்சமாகி நான் கையை எடுத்தபோது, "நிறுத்தாதீங்க, நான் சொல்றவரைக்கும் கழுவுங்க" என்றார். கால் மணி நேரம் அடித்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. ரொம்பத் தாமதம்தான், ஆனாலும் கழுவ வேண்டும் என்றார்.

எங்களைப் போன்ற ஊழியர்களுக்கு முன்கூட்டியே போடுகிற வெறிநோய்த் தடுப்பூசி உண்டு. போட்டுக்கொள்ளச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. ஊசிக்குப் பயந்து, காய்ச்சல், கல்யாணம் என்று ஏதேதோ சொல்லி நான் தள்ளிப்போட்டிருந்தேன். ஆயிரக்கணக்கான மாடுகளைப் பிடித்துக்கொடுத்து ஊசி போடவைத்தவன்.

அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரியில் கீறலைச் சுற்றியும் தோளிலும் ஊசி போட்டார்கள். தவசியையும் வரவழைத்துப் போட்டார்கள். எஸ்டேட்டில் சிக்னல் கிடையாது. ஆபீஸ் போனை யாரும் எடுக்கவில்லை. சுகாதாரத் துறைக்கும் மேடம் சொல்லிவிட்டார். பிறகு என்னிடம், "காலைல முத ஜீப்புல நீங்க மேல போங்க. நான் போனா அந்தம்மா நம்பாது. ஒங்களைத்தான டாக்டருன்னு நம்புறாங்க" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார். அதனால்தான் அதிகம் வலித்தது.

புதன்கிழமை ஜீப்பில் ஏறினேன். போடிமெட்டுக்குப் போகிற அந்தக் கொண்டை ஊசி வளைவுகள் எனக்கு எப்போதும் ஆகாது. தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். நான் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்ததைப் பார்த்து ஒருத்தி, "கண்ணை மூடிக்கிருங்க டாக்டரே, டிரைவரும் மூடிக்கிட்டுத்தான் ஓட்டுறாரு" என்றாள். வண்டியே சிரித்தது. நான் பள்ளத்துக்குப் பயப்படுகிறேன் என்று நினைத்தார்கள். நான் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். திங்கள், செவ்வாய், புதன். ஒரு மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம் என்று மேடம் சொல்லியிருந்தார். சீக்கிரமும் வரலாம் என்று அவர் சொல்லாமல் விட்டது எனக்குக் கேட்டது.

எஸ்டேட் வாசலில் கங்காணி மறித்தார். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர். "எந்தா சேட்டா, யாரைக் காணணும்?" என்றார். பேச்சியம்மா என்றேன். காய் எடுப்பு நேரத்தில் ஆளை விட முடியாது, சாயங்காலம் பார்த்துக்கொள் என்று தமிழும் மலையாளமுமாகச் சொன்னார். காரணம் கேட்டார். அங்கே ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் நோயின் பெயரைச் சொன்னால் அடுத்த நிமிடம் அவளை அவர்கள் தங்குகிற லயத்து வீடுகளுக்குள் சேர்க்கமாட்டார்கள், அவள் தொட்ட பாத்திரத்தைத் தொடமாட்டார்கள். வீட்டில் மாடு சாகக் கிடக்கிறது, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விடுகிறேன் என்றேன். மாட்டுக்காக மலையேறி வந்த ஆளா என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு விட்டார்.

ஏலச்செடிகளுக்குள் ஈரமும் இருட்டும். காய் செடியின் தூரில்தான் இருக்கும். அதனால் எல்லாரும் குனிந்தே கிடப்பார்கள். ஒவ்வொரு முதுகாகப் பார்த்துக்கொண்டு போனேன். அவள்தான் என்னை முதலில் பார்த்தாள்.

"என்ன டாக்டரே, இங்கிட்டு? மாடு போயிருச்சா?"

இல்லை என்றேன். கொஞ்சம் தள்ளிக் கூப்பிட்டுப்போய், ஊசி போட வேண்டும், உடனே கீழே வர வேண்டும் என்றேன்.

"மாட்டுக்கு வந்த சீக்குக்கு எனக்கு ஊசியா? நல்லாருக்கே ஒங்க வைத்தியம். இப்பப் போனா எனக்கு விட்ட செடி நெரையை வேற ஆளுக்குக் குடுத்துருவாக."

"பேச்சி, அது அடைப்பு இல்ல. அந்த மாட்டை நாய் கடிச்சிருக்கு. வெறிநாயி."

அவள் கை நின்றுவிட்டது. பறித்த காய்கள் உள்ளங்கையில் இருந்தன. அவற்றைக் கூடையில் போட்டுவிட்டு இரண்டு கையையும் விரித்துப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் வெடிப்பு, கறை.

"எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"நேத்து மத்தியானம்."

"கை விடக் கூடாதுன்னு எப்பத் தெரியும்?"

அந்தத் தாளை ஒட்டியவன் நான். "முந்தியே தெரியும்" என்றேன். டாக்டரம்மா கேட்டபோது பொய் சொன்னதையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சட்டைக் கையை மேலே ஏற்றி எனக்குப் போட்ட ஊசித் தடத்தைக் காட்டினேன், நானும் போட்டிருக்கிறேன், பயமில்லை என்று சொல்வதற்காக. சொல்லும்போதே என் குரல் நடுங்கியது. அதைக் கேட்டுத்தான் அவளுக்கு விஷயம் நிஜம் என்று பட்டிருக்க வேண்டும்.

கங்காணியிடம் அவளே போய்ச் சொன்னாள், மாடு சாகக் கிடக்கிறது, போய்விட்டு வருகிறேன் என்று. ஏலக்காய் லோடு ஏற்றிய ஜீப்பில் இறங்கினோம். வழியில் டீக்கு நிறுத்தினார்கள். ஒரு தம்ளரை அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை. கடைக்காரரிடம் தானே கேட்டு வாங்கிக் குடித்தாள். அவள் குடித்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். விழுங்கினாள். மதியத்துக்குள் முதல் ஊசி போட்டாகிவிட்டது.

மாடு வியாழக்கிழமை செத்தது. மேடம் முழு உடுப்பும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். அந்த நோய்தான் என்று முடிவு வந்தது. மேடம் அறிக்கை எழுத உட்கார்ந்தார். என்னை எழுதாமல் விட்டுவிடுங்கள் மேடம், இரண்டு பிள்ளைக்குக் கல்யாணம் இருக்கிறது என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார்.

"நீங்க கை விட்டதை மறைச்சா, அன்னிக்கு நான் இங்க இல்லாததையும் மறைக்கணும்ணே. ரெண்டும் ஒரே நாள்ல நடந்தது."

எழுதினார். எனக்கு எச்சரிக்கை வந்தது, வேலை போகவில்லை. மூன்று மருந்தகத்துக்கு ஒரே டாக்டர் என்பதையும் அதே தாளில் எழுதியிருந்தார். அதற்காக அவரிடமும் விளக்கம் கேட்டார்கள்.

அடுத்த வருடம் எங்களுக்கென்று ஒரு இளம் டாக்டரைப் போட்டார்கள். நல்ல பையன். தங்க வீடு கிடைக்கவில்லை. தேனியிலிருந்து பஸ் மாறி மாறி வந்தான். மழைக்காலத்தில் சரிவுக்கு வண்டி ஏறாது. நடந்து போய் மாடு பார்த்தான். சில மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போனான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இப்போது நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி வருகிறது, போன் செய்தால் வரும் என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் எனக்குக் கவலையாகவே இருக்கிறது. வண்டி வாங்கிவிட்டு அதற்குள் உட்கார ஆள் போடாமல் விட்டுவிடுவார்களோ, வீடு கட்டித் தண்ணீர்க் குழாய் போடாமல் விட்டுவிடுவார்களோ என்று. படியும் வீடும் கொடுத்தால் வருகிறவர்கள் வருவார்கள், இருப்பார்கள். கூடவே வேலைக்குச் சேர்கிற அன்றைக்கே எல்லாருக்கும் அந்தத் தடுப்பூசியைப் போட்டுவிடுங்கள். கடிதம் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். என்னைப் போன்றவர்கள் தள்ளித்தான் போடுவார்கள்.

போன மாதம் என்னையும் கேட்டார்கள், டாக்டர் வரும்வரை தற்காலிகமாக மருந்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ள முடியுமா என்று. மாட்டேன் என்றேன். உடம்பு முடியவில்லை என்று காரணம் சொன்னேன். நிஜக் காரணம், திறந்து வைத்தால் யாராவது வருவார்கள், டாக்டரே என்று கூப்பிடுவார்கள்.

அந்தக் கடைசி ஊசி நாளையும் எழுத வேண்டும். முதல் ஊசியிலிருந்து இருபத்தெட்டாம் நாள். எனக்கு முந்தின நாளே முடிந்துவிட்டது. இருந்தாலும் பேச்சியம்மாவோடு போனேன், போகாமல் விட்டுவிடுவாளோ என்ற பயம். அந்த நாலு வாரமும் ஏதாவது சாக்குச் சொல்லி அவள் வீட்டுப்பக்கம் போய், தண்ணீர் கேட்டு வாங்கி, "நீயும் குடி" என்று அவளைக் குடிக்கவைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு நாள், "எத்தனை தடவைதான் குடிச்சுக் காட்டுறது? வயித்துல ஓடையே ஓடுது" என்றாள். அதுதான் அவள் மறுபடி என்னோடு பேச ஆரம்பித்தது. டாக்டரே போய் அண்ணே ஆகியிருந்தது.

ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் கேட்டாள்.

"அன்னைக்கு அந்த டாக்டரம்மா இருந்திருந்தா, கை விட்டுருப்பாகளா?"

"மாட்டாங்க. தள்ளி நின்னு பாத்திருப்பாங்க."

"எங்க இருந்தாக?"

"ராசிங்காபுரத்துல. ஒரு மாட்டுக்குக் கன்னு குறுக்க கெடந்துச்சு."

"பொழச்சதா?"

"மாடும் பொழச்சது, கன்னும் பொழச்சது."

அவள் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காய் எடுக்கப் போகாததால் வெடிப்பெல்லாம் ஆறியிருந்தது.

"அப்ப அந்தம்மாவைக் கொறை சொல்ல முடியாது" என்றாள். "ஒங்களைச் சொல்லிட்டேன், மனசுக்குள்ள, போதும்போதும்ங்கிற மட்டும். எங்க வீட்டு ஆளையும் சொல்லிட்டேன். இன்னும் ஒரு ஆளு பாக்கி இருக்குண்ணே. அன்னைக்கு இங்க இருந்திருக்க வேண்டிய ஆளு. அது யாரு?"

பெயர்ப் பலகையில் வெள்ளையாகக் கிடந்த இடம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. அந்த இடத்துக்குப் பெயர் இல்லை. அதைத்தான் அவளிடம் சொன்னேன்: "அப்படி யாரையும் போடலை பேச்சி."

உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து, ரவிக்கைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு போனாள்.